பின்னப் பாடத்தில் சாமி வந்த நாள்

என் உடம்பு ஆடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. மலேசியாவில், ஈப்போவில், எங்கள் குடும்பத்து ஆண்கள் உடம்பை அசைப்பதே காரில் ஏறவும் கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்கவும்தான். செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி வந்த கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து இதே கதை. தைப்பூசத்தில் ஊரே காவடியோடு ஆடும்போது நாங்கள் வெள்ளை வேட்டி கசங்காமல் ஓரமாக நடந்து வருவோம்.

அப்படிப்பட்ட என்னை, ஐம்பத்திரண்டு வயதில், முழங்கால் படியேறும்போதெல்லாம் சத்தம் போடும் பருவத்தில், ஆடல் அசைவு வழிக் கற்பித்தலுக்குப் பொறுப்பாசிரியராகப் போட்டார்கள். போட்டார்கள் என்பது பொய். நானே போய் மாட்டிக்கொண்டேன்.

நான் கணக்கு வாத்தியார். பள்ளி, பீடோரிலிருந்து உள்ளே போகும் ஒரு பழைய தோட்டத்தில் இருக்கிறது. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், செம்பனையில் பாதியை வெட்டி வீடமைப்புத் திட்டம் போட்டார்கள், தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். பள்ளியும் அதற்கு எதிரே மாரியம்மன் கோயிலும் மட்டும் மிஞ்சின. பிள்ளைகள் குறைவு என்பதால் மூன்றாம் ஆண்டையும் நான்காம் ஆண்டையும் ஒரே வகுப்பாகச் சேர்த்து வைத்திருந்தோம். நான் ஈப்போவிலிருந்து தினமும் கார் ஓட்டி வருவேன். ஆசிரியர் அறையில் சிரிப்புக் காட்டுவது என் வேலை. கணக்கு இரண்டாம்பட்சம்.

ஒரு நாள் கூட்டத்தில் தலைமையாசிரியை ஒரு சுற்றறிக்கையை வாசித்தார். இனி எல்லாப் பாடத்திலும் இசையும் ஆடலும் அசைவும் கலந்து வர வேண்டுமாம். கணக்கிலும். எல்லோரும் தலையைக் குனிந்து மேசையில் இல்லாத எதையோ தேடினோம்.

"ரெண்டு நாள் பயிற்சி இருக்கு. யாராச்சும் ஒருத்தர் போகணும். ஈப்போவுல, ஹோட்டல்ல."

ஹோட்டல் என்ற சொல் காதில் விழுந்ததும் என் கை தானாக உயர்ந்தது. அந்த ஹோட்டலின் மதிய விருந்தில் ஆட்டுக்கறி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் வாழ்க்கையில் நான் எடுத்த பெரிய முடிவுகளில் பாதியை ஆட்டுக்கறிதான் எடுத்திருக்கிறது.

பயிற்சியில் எங்களை விதைகளாக்கினார்கள். ஐம்பது பேர் கம்பளத்தில் சுருண்டு கிடந்தோம். இசை வந்ததும் முளைக்க வேண்டும். என் மகள் வயதுப் பயிற்றுநர் ஒருத்தி என்னிடம் வந்து குனிந்தாள்.

"சார், நீங்க இன்னும் மொளைக்கலயே."

"மொளைச்சிட்டேன்மா. இதான் என் முழு வளர்ச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். எழுந்திருக்க முடியாமல் நான் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு ஆசிரியர்கள் என்னைக் கம்பளத்திலிருந்து பிடுங்கி நட்டார்கள். மாலையில் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைத் தலைமையாசிரியையிடம் நீட்டியபோதுதான் மிச்சக் கதை தெரிந்தது. பயிற்சிக்குப் போனவர் மாவட்டக் கல்வி அதிகாரி முன்னால் ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தலைப்பு, பின்னம். ஆடிக்கொண்டே.

நான் பயந்தால் இரண்டு காரியம் செய்வேன். ஒன்று, நக்கல் அடிப்பேன். இன்னொன்று, சாப்பிடுவேன். அந்த வாரம் இரண்டையும் செய்தேன். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அரை வட்டம் சுற்றிப் பழகினேன். மனைவி கதவைத் தட்டினாள்.

"வழுக்கி விழுந்துட்டீங்களா?"

"ஆடறேன்."

"மாத்திரை சாப்ட்டீங்களா?" என்றாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். ஆட வேறு ஆள் பிடிக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் ஒரு தற்காலிக ஆசிரியை இருந்தார். முப்பது தாண்டியவர். அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவர் அம்மா ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். வேலை செய்துகொண்டே பட்டம் படித்து, மூன்று வருடமாக எங்கள் பள்ளியில் ஒப்பந்தத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வருடத்து ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. தலைமையாசிரியை பரிந்துரைக்க வேண்டும், மாதிரிப் பாடத்துக்கு வரப்போகும் அதே அதிகாரி சம்மதிக்க வேண்டும். கோயில் திருவிழாவில் கும்மி என்றால் அவர்தான் முன்னால் நிற்பார். பிள்ளைகள் அவர் கால் பார்த்து ஆடும்.

அவரைத் தேடி விளையாட்டுச் சாமான் அறைக்குப் போனேன். ஓய்வு நேரம். பந்துக் கூடைக்குப் பின்னால் திரும்பி நின்று, சட்டையை விலக்கி, வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாழையிலையில் மடித்த நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

"என்னா டீச்சர், ஊசி போட்டுத்தான் ஆடுறீங்களா? எனக்கும் ஒன்னு போடுங்க, நானும் ஆடிர்றேன்."

அவர் சிரிக்கவில்லை. "இனிப்பு நீரு சார், சர்க்கர நோவு. யாருகிட்டயும் சொல்லாதீங்க. வேலைக்கு மனு போட்ட பாரத்துல நான் போடல. போட்டா கொந்த்ராக் நீட்ட மாட்டாங்க."

"சேச்சே. நான் ஏன் சொல்லப்போறேன்."

"இத போட்டா உடனே சாப்ட்டுறணும் சார். அதான் இங்க வந்து போட்டுக்குறேன்."

எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். நானும் தெளிவாகக் கேட்டுக்கொண்டேன். இதை இங்கே எழுதி வைப்பது அவசியம். பின்னால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப் பார்ப்பேன், நம்பாதீர்கள்.

என் வேண்டுகோளைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் ஆடுறேன் சார். பெகாவாய் பாத்தா எனக்கும் நல்லதுதான" என்றார். பெகாவாய் என்றால் அதிகாரி.

ஐந்தே நாளில் பாடம் தயாராகிவிட்டது. எல்லாம் அவர் செய்தது. பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள். முழுச் சுற்று சுற்றினால் ஒன்று. பாதியில் நின்று கைதட்டினால் அரை. மீதியில் பாதி கால். இரண்டு கால் சுற்றினால் அரைச் சுற்றுக்காரன் நிற்கும் இடத்தில் போய் முட்டுவார்கள். முட்டியவர்கள் 'சமம்' என்று கத்த வேண்டும். வருடக்கணக்காகக் கரும்பலகையில் நான் வட்டம் வரைந்து, பலாப்பழம் வரைந்து, அப்பம் வரைந்து புரிய வைக்க முடியாததைப் பிள்ளைகள் தோளில் தோள் இடித்துப் புரிந்துகொண்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எரிச்சலாக இருந்தது.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். சாயத் தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்ட வேண்டும்.

"சீராத் தட்டுனா போதும் சார். ஏத்தாதீங்க."

மாதிரிப் பாடம் ஒரு வெள்ளிக்கிழமை. ஆடி வெள்ளி. எதிர்க் கோயிலில் காலையிலிருந்து ஒலிபெருக்கி அலறியது, நடுநடுவே உறுமி. பத்து மணிக்கு வர வேண்டிய அதிகாரி வரவில்லை. ஓய்வு மணி அடித்தது. ஆசிரியை பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போவதைப் பார்த்தேன். அப்போது சாலையில் ஒரு வண்டி திரும்பும் சத்தம். ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"டீச்சர், வந்துட்டாரு, வந்துட்டாரு."

"ஊசி போட்டுட்டேன் சார். ரெண்டு வாய் சாப்ட்டு வாரேன்."

"அவர் இறங்குறாருலா. ரெண்டு நிமிஷந்தான். பாடத்த ஆரம்பிச்சு வெச்சுட்டு வந்து சாப்டுங்க."

அவர் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொட்டலத்தைப் பந்துக் கூடைமேல் வைத்துவிட்டு வந்தார். வந்தது கேஸ் சிலிண்டர் ஏற்றிய லாரி.

லாரி போன பிறகாவது அவரைச் சாப்பிட விட்டிருக்கலாம். நான் விடவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒரு தடவை ஒத்திகை பார்ப்போம் என்றேன். பிறகு இன்னொரு தடவை. பயந்தவனுக்கு ஒத்திகை பத்தாது. மூன்றாம் ஒத்திகைக்கு நடுவில், எதையோ எடுத்து வருகிறேன் என்று சாமான் அறைக்குப் போனேன். நெத்திலிச் சம்பல் வாசம் வந்தது.

ஒரு வாய்தான் என்று பிரித்தேன். என் வாய் பெரியது. பிறகு, கேண்டீனில் வேறு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று மிச்சத்தையும் முடித்தேன். முட்டை உட்பட. இலையைச் சன்னலுக்கு வெளியே வீசிவிட்டு வந்து டின்முன் உட்கார்ந்தேன். உட்கார்ந்த நேரம் பார்த்து அதிகாரியின் கார் நிஜமாகவே வந்தது.

அதிகாரி தமிழர்தான். தொப்பையும் கோப்புமாக வந்து மண்டபத்தில் முன் நாற்காலியில் உட்கார்ந்தார். தலைமையாசிரியை பக்கத்தில். பாடம் தொடங்கியது. முதல் கால் மணி நேரம் அருமையாகப் போனது. அதிகாரி தலையாட்டினார். ஒரு பையன் கால் சுற்றில் நிற்காமல் சுவரில் போய் முட்டிக்கொண்டு 'சமம்' என்று கத்தியபோது அவர் சிரித்தேவிட்டார். அவர் சிரித்ததும் எனக்கு ஒரு வேகம் வந்தது. என் கை என் சொல் கேட்கவில்லை. தாளம் ஏறியது. எதிர்க் கோயிலின் உறுமி ஒரு பக்கம் ஏற, அதோடு சேர்ந்து நானும் ஏற்றினேன். பிள்ளைகள் ஓடிச் சுற்றினார்கள். நடுவில் ஆசிரியை.

முதலில் அவர் கால் பின்னியது. பிறகு உடம்பு வேர்த்து நனைந்தது. கை நடுங்கியது. கண் எங்கோ போய் நின்றது. கொண்டை அவிழ்ந்து கூந்தல் முகத்தில் விழுந்தது. வாய் எதையோ முணுமுணுத்தபடி உடம்பு முன்னும் பின்னும் ஆடியது.

டின்னை நிறுத்தினேன். உறுமி நிற்கவில்லை.

ஆடி வெள்ளி, கோயில் மேளம், விரித்த கூந்தல். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தானாக விலகி வழி விட்டார்கள். இரண்டு பெண்பிள்ளைகள் குலவை போட்டன. தலைமையாசிரியை, இரண்டு பட்டம் வாங்கியவர், கைப்பையிலிருந்து குங்குமத்தை எடுத்து அவர் நெற்றியில் அப்பினார்.

"தாயே, யாரும்மா வந்துருக்கறது?"

தலைமையாசிரியை மறுபடி கேட்டார். ஆசிரியையின் உதடு அசைந்தது.

"சாப்பாடு... என் சாப்பாடு எங்க?"

"படையல் கேக்குறா," என்றார் தலைமையாசிரியை, எங்கள் பக்கம் திரும்பி. "ஸ்கூல்ல இந்த வருஷம் ஆடிக்குக் கூழ் ஊத்தலல்ல. அதான்."

அதிகாரி காலணியைக் கழற்றினார். கோப்பை நாற்காலியில் வைத்துவிட்டு, கைகூப்பி முன்னால் வந்தார்.

"என்னா படையல்மா வேணும்? சொல்லு தாயே, செஞ்சிருவோம்."

"பசிக்குது."

"செஞ்சிருவோம்மா. ஒரு வார்த்த மட்டும் சொல்லு. எனக்கு ஈப்போவுக்கு மாத்தல் கெடைக்குமா? நாலு வருஷமா எழுதிப் போடறேன் தாயே."

ஆசிரியையின் தலை தொங்கி ஆடியது. "ஆமான்னு சொல்றா," என்றார் தலைமையாசிரியை. அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரத்தில் ஊசி என் நினைவுக்கு வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. வந்தது. இனிப்பு நீர் என்று அவர் சொன்ன சொல், உடனே சாப்பிட வேண்டும் என்ற சொல், எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. ஆனால் ஊசி என்றால் தப்பு என்னுடையது. சாமி என்றால் யார் தப்பும் இல்லை. எல்லோரும் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன். சும்மா கும்பிடவில்லை, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். பயிற்சியில் முளைக்காத உடம்பு அன்றைக்கு என்ன அழகாகத் தரையில் படிந்தது. முகத்தைச் சிமிண்டுத் தரையில் வைத்து, "நான்தான் தாயே சாப்ட்டேன், மன்னிச்சிரு" என்றேன். தரைக்குத்தான் கேட்டது.

குலவைச் சத்தம் கேட்டுக் கேண்டீன் அக்கா கரண்டியோடு வந்தார். அவருக்கும் அந்த நோய் உண்டு. ஒரு கால் விரலை அதற்குக் கொடுத்தவர். கிட்டே போய் ஆசிரியையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். குங்குமத்தைத் துடைத்தார்.

"இது சாமி இல்ல. சீனி எறங்கிருச்சு. ஆன்னு வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, இவங்க சாப்ட்டாங்களா இல்லையா?"

யாரும் வாய் திறக்கவில்லை. தரையிலிருந்து நானும் திறக்கவில்லை. அக்கா ஓடிப்போய் ரோஸ் சிரப்பைக் கெட்டியாகக் கரைத்துக் கொண்டுவந்து, மடியில் சாய்த்து, கரண்டி கரண்டியாக வாயில் விட்டார். பத்து நிமிடம், கால் மணி நேரம். கண் திரும்பியது. ஆசிரியை முதலில் பார்த்தது கைகூப்பி நின்ற பிள்ளைகளை. பிறகு காலணி இல்லாமல் நின்ற அதிகாரியை.

"பாடம் முடிஞ்சிருச்சா சார்?" என்றார்.

மதியம் தலைமையாசிரியையின் அறையில் நாங்கள் மூன்று பேர். மேசையில் கறிபாப் பலகாரம். அதிகாரி காலணி போட்டு, கோப்பைத் திறந்து, பழையபடி அதிகாரியாகியிருந்தார்.

"பாடம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பாதியில நின்னுருச்சுல்ல. காரணம் எழுதணும். சாமின்னு எழுத முடியாது. எழுதுனா, அப்ப நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு மேல கேப்பாங்க."

"கேண்டீன் அக்கா சீனின்னு சொல்லுது," என்றார் தலைமையாசிரியை. "ஆனா டீச்சரோட பாரத்துல அப்படி ஒன்னும் இல்லையே."

"அப்ப அதையும் எழுத முடியாது. மறைச்சாங்கன்னு ஆயிரும். நீங்க ஏன் பாக்கலன்னு உங்களத்தான் கேப்பாங்க."

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "சார், உங்களோடதான ரிகர்சல் பண்ணாங்க. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

நாலு வார்த்தை போதும். ஊசி போட்டார், நான் சாப்பிட விடவில்லை. சாப்பாட்டை நான் தின்றேன் என்பதைக்கூட விட்டுவிடலாம். எனக்கு வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து வழக்கமானதுதான் வந்தது.

"எனக்கென்னாங்க தெரியும், நான் டின்னு தட்டற ஆளு. வேணும்னா தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போன் போடுங்க. அங்க ஒரு ஆளு கொறையுதான்னு கேட்டுப் பாப்போம்."

ஈப்போக்காரர்களுக்கு அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும், மனநல மருத்துவமனைதான் ஞாபகம் வரும். சின்ன வயதிலிருந்து ஒருவரை ஒருவர் அங்கேதான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

அறிக்கை அடுத்த வாரம் வந்தது. பாடத்திட்டம் சிறப்பு. கணக்கு ஆசிரியரின் முயற்சி பாராட்டத்தக்கது. தற்காலிக ஆசிரியையின் மனநிலை சீராக இல்லாதது போல் தெரிகிறது. மருத்துவ உறுதிக் கடிதம் கிடைக்கும்வரை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பரிந்துரைக்க இயலாது.

என் நக்கல்களில் அரசாங்கத் தாளில் ஏறியது அது ஒன்றுதான்.

பிள்ளைகள் அவரைச் 'சாமி டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரை வைத்தவர் யார் என்று ஊகிக்க நீங்கள் சிரமப்பட வேண்டியதில்லை. ஒரு அம்மா எலுமிச்சம்பழத்தோடு வாசலில் காத்திருந்து, மகனுக்குப் பேச்சு வருமா என்று கேட்டாள். அவர் அந்தப் பையனை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அறிக்கை வந்த மறுநாள் என் மேசைக்கு வந்தார்.

"சார், ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நல்லாத்தான் பேசுனாரு. அன்னிக்குப் பக்கத்துல இருந்தவங்க என்ன நடந்துச்சுன்னு ஒரு சூராட் எழுதிக் குடுத்தா, அவரு சான்றிதழ் குடுத்துருவாராம். ஊசி போட்டேன், சாப்பிடல, அதான் மயக்கம். இத மட்டும் எழுதுங்க சார். நோவு தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுது. பைத்தியம்னு பேரு எடுக்கறதுக்கு இது பரவால்ல."

"எழுதித் தாரேன் டீச்சர். இதுக்கென்னா."

"ஏன் சாப்பிடலன்னு கேட்டா என்னா எழுதுவீங்க? ரெஸ்ட்டுல பொட்டலத்தக் கூடைமேல வெச்சுட்டுத்தான் வந்தேன். அப்புறம் பாத்தா எலகூட இல்ல. கொரங்கு தூக்கிட்டுப் போயிருச்சு போல."

"இருக்கும் டீச்சர்," என்றேன். "இங்க கொரங்குத் தொல்ல ஜாஸ்திலா."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மாணவர் புத்தகத்தில் மும்முரமாகச் சிவப்புக் கோடு போட்டேன். சரியான விடைக்கும் போட்டிருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது.

அன்று மாலை கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'ஓய்வு நேரத்தில் மேற்கண்ட ஆசிரியை உணவு உட்கொள்ள இயலாத சூழ்நிலை நிலவியது' என்று எழுதினேன். சூழ்நிலை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அடித்தேன். 'வாகனம் ஒன்றின் வருகையால்' என்று எழுதினேன். கேஸ் லாரியை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அடித்தேன். 'அன்னாரின் உணவு பிறரால் உட்கொள்ளப்பட்டது' என்று எழுதிப் பார்த்தேன். அந்த வரி நன்றாக இருந்தது. பிறர் என்பவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் விசாரணை என்று வந்தால் பிறர் யார் என்று கேட்காமல் விடுவார்களா? இருபத்தெட்டு வருடச் சேவை. ஓய்வூதியத்துக்கு இன்னும் சில வருடம். ஒரு நாசி லெமாக்குக்காக. நோய் இருப்பது தெரிந்தும் ஊசி போட்டவரின் சாப்பாட்டைத் தின்றவர் என்று என் கோப்பில் ஏறும். அதை என் மனைவி வாசிப்பாள். எழுந்துபோய்க் குளிர்பெட்டியைத் திறந்தேன்.

மறுநாள் கேட்டார். அச்சு எந்திரத்தில் மை இல்லை என்றேன். அடுத்த நாள், தலைமையாசிரியையின் முத்திரை வேண்டும் என்றேன். அதற்கடுத்து, நல்ல நாள் பார்த்துத் தருகிறேன், அன்றைக்கு வெள்ளிக்கிழமை பார்த்துச் செய்ததால்தானே வம்பு என்று நக்கல் அடித்தேன். சிரித்தது நான் மட்டும். கேண்டீன் அக்கா எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தார். அவர் பாடம் நடந்த நேரத்தில் மண்டபத்தில் இல்லாததால் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மாதம் முடிந்தது. ஒப்பந்தமும் முடிந்தது.

கடைசி நாளில் அவர் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. நான் ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். அந்த அளவுக்கு நல்லவன்.

"சார்," என்றார், பெட்டியைக் கட்டிக்கொண்டே. "அன்னிக்கு டின்னு முன்னாடி வந்து ஒக்காந்தீங்கல்ல. உங்க மீசையில சம்பல் இருந்துச்சு."

என் கை மீசைக்குப் போனது.

"அப்பவே தெரியுமா டீச்சர்?"

"தெரியும். பெகாவாய் கார்ல இருந்து எறங்கிட்டாரு. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. பாதியில நின்னா உங்க பாடம் கெட்டுரும், என் கொந்த்ராக்கும் போயிரும். முடிச்சிரலாம்னு பாத்தேன். நீங்க தாளத்த ஏத்திட்டீங்க."

"டீச்சர், நான்..."

"சாப்ட்டதுக்கு நான் கோவப்படல சார். பசிச்சா யாரும் சாப்டுவாங்க. கொரங்குன்னு நான் சொன்னேன்ல, அப்ப நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் சொன்னேன்."

நான் ஏதோ நக்கலுக்கு வாயெடுத்தேன். குரங்கைப் பற்றியது. அவர் அது முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"இப்ப எழுதுனாலும் பரவால்ல சார். அடுத்த வருஷம் மனு போடறப்ப ஒதவும்."

"கண்டிப்பா டீச்சர். நாளைக்கே."

அவர் இப்போது தெலுக் இந்தானில் ஒரு துணிக்கடையில் இருக்கிறார் என்று கேண்டீன் அக்கா சொன்னார். எங்கள் பின்னப் பாடத்தை மாவட்டம் முழுக்க மாதிரியாக அனுப்பினார்கள். மேலே என் பெயர். அதிகாரிக்கு ஈப்போவுக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. அதற்காக அவர் எதிர்க் கோயிலுக்கு வந்து பொங்கல் வைத்தார், எங்களுக்கும் ஒரு வாளி கொடுத்தனுப்பினார். நானும் சாப்பிட்டேன். புது ஆசிரியை ஆட, நான் டின் தட்டுகிறேன். இப்போது சீராகத் தட்டுகிறேன்.

மனுப் போடும் தேதி ஒரு தடவை வந்து போய்விட்டது. இரண்டாம் தடவையும் வரப்போகிறது. இவ்வளவு நீளத்துக்கு, ஊசி, லாரி, முட்டை, இலை எதையும் விடாமல் எழுதி முடித்திருக்கிறேன். ஒரே உட்காரலில் வந்துவிட்டது, அடித்தல் திருத்தல்கூட அதிகம் இல்லை. அவருக்கு வேண்டியது இதில் கால்வாசி நீளம், கீழே என் பெயர், ஒரு கையெழுத்து. இதில் அந்த இரண்டும் இல்லை.